ஜெனோ தின்ற அல்வா

என் பெயர் கோமதிசங்கர், வயது 16, தகப்பனார் பெயர் ஐயம்பெருமாள், குடியிருப்பு தச்சநல்லூர். பதினோராம் வகுப்பு படிக்கிறேன். அப்பா பக்கத்தில் இருக்க, எஸ்.ஐ. அவர்கள் கேட்கக் கேட்கச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்புக் கடைசி பெஞ்சின் இடது கால் இம்மாதத் தொடக்கத்தில் காலமாகிவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் அதிலிருந்து சொல்கிறேன். பெஞ்சு ஆடியதால் நானும் என் சிநேகிதன் ஜெனோவும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தோம். அப்போது வகுப்பு முழுக்கச் சளிக்காய்ச்சல் ஓடியது. எனக்கு வந்து போனது. அதன் பிறகு ஜெனோவுக்கு வந்தது. நான்கைந்து நாள் இருமிக் கிடந்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தான்.

அன்று இடைவேளையில் அவனுக்கு அல்வா கொடுத்தேன். மத்தியானம் அவன் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வளைந்து உட்கார்ந்து, "முதுகு வரைக்கும் குத்துதுலே" என்றான். அதன் பிறகு வாந்தி எடுத்தான். மற்றவர் தண்ணீர் பாட்டிலில் உப்புப் போடுகிறவன் நான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் விடாமல், "பேதி மாத்திரை வச்ச அல்வாலே. திருநெல்வேலியில பொறந்துட்டு அல்வாவுக்கே ஏமாந்துட்டான்" என்றேன். சிரித்தார்கள். ஜெனோவும் சிரிக்கப் பார்த்தான்.

அதன் பிறகு அவன் அம்மா பாக்கியவதி டீச்சர், பக்கத்துக் கிளினிக்கில் பேதி மாத்திரை என்றே சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்கில் இருந்தவர்களும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஜெனோவால் நிமிர முடியவில்லை. பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தமும் ஸ்கேனும் பார்த்ததில் கணையம் வீங்கியிருந்தது. டாக்டர் அனுராதா, "பேதி மாத்திரையில இப்படி ஆகாது. சளிக்காய்ச்சல் கிருமி அபூர்வமா கணையத்தையும் தாக்கும், அதுவா இருக்கலாம். ஆனா அந்தப் பையன் வேற எதையாவது குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்கள்.

அதன் பிறகு ஜெனோவைப் பார்க்கப் போன என் கையை டீச்சர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிடித்து, "என்னத்தலே வச்ச? திட்ட மாட்டேன். பேர மட்டும் சொல்லு" என்றார்கள். பேர் மறந்துவிட்டது என்றேன். டீச்சர் நேரே இங்கே வந்து புகார் கொடுத்தார்கள். ஜெனோ இன்னும் தீவிர சிகிச்சையில் இருக்கிறான்.

மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனது நிஜம். கடை அண்ணாச்சி, "யாருக்குலே?" என்றதும் பயந்துபோய் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அல்வாவில் எதையும் வைக்கவில்லை. அதில் பாதியை முதலில் நான்தான் தின்றேன். பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துவிடுமே என்றுதான் இவ்வளவு பொய்யும் சொன்னேன். இல்லாத மாத்திரையை டாக்டரம்மா தேட வேண்டாம். இதை இப்போதே போனில் சொல்லிவிடும்படி எஸ்.ஐ. அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இந்த முறை பொய் இல்லை.

(ஒப்பம்) ஐ. கோமதிசங்கர்