கடைவாய்ப் பல்லும் வண்டிச் சாவியும்

— எழுபத்தொரு மணி நேரம் ஆச்சுங்க, நீங்க ஒரு வாய் மென்னு தின்னு.

— கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தியா? லாரிச் சாவியக் கொடு. லோடு ஏத்திட்டாங்க, ரெண்டு மணிக்குக் கிளம்பணும்.

— தர மாட்டேன்.

— இந்தா பாரு, பல்வலி வந்தவன் வண்டி ஓட்டக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?

— கண்ணாடியில மூஞ்சியப் பாருங்க. நேத்து தாடையில இருந்த வீக்கம் இன்னிக்குக் கழுத்துக்கு இறங்கியிருக்கு. ஸ்பூன்கூட உள்ள நுழையல. இன்னும் இறங்கினா மூச்சை அடைக்கும்னு பல் டாக்டரம்மா ஃபோன்லயே சொன்னாங்க.

— அட விடு. பஞ்சை டீசல்ல நனைச்சு குழியில அடைச்சிருக்கேன். எங்க ஷெட்டுல எல்லாருக்கும் அதான் வைத்தியம்.

— அதான் உங்க ஷெட்டுல நாப்பது வயசுலயே எல்லாரும் கன்னம் ஒட்டிப் போய் நிக்கிறீங்க.

— ஆடின பல்லு தானா விழும். இல்லன்னா குறடு இருக்கு. இதுக்குப் போய் இன்னொருத்தர் முன்னாடி வாயைப் பொளந்துகிட்டுப் படுக்கணுமா?

— பத்து டன் இரும்போட மலை இறங்கறவருக்கு ஒரு ஊசியப் பாத்து பயம்.

— பயமா? எனக்கா?

— பின்ன? பிரேக்குல கீச்சுனு ஒரு சத்தம் வந்தா அந்த நிமிஷமே ஓரங்கட்டுவீங்க. உங்க வாய் ரெண்டு வருஷமா கத்துது.

— வண்டி சோறு போடுது.

— போட்ட சோத்தை மெல்ல முடியலையே. போன மாசம் சின்னவ பிறந்த நாளுக்குக் கேக் ஊட்ட வந்தா, வெடுக்குனு மூஞ்சியத் திருப்பினீங்க. தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சுக் குளியலறையில போய் அழுதா. வலி உங்களுக்கு, வாங்கிக் கட்டிக்கிறது நாங்க.

— அழுதாளா?

— அழுதா.

— சரி, அவகிட்ட நான் பேசிக்கறேன். சாவியக் கொடு. ஒரு நாள் போகலைன்னா முதலாளி வேற டிரைவரப் போட்டுடுவான்.

— போட்டாச்சு. காலையில நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். மாத்துச் சாவி முதலாளிகிட்டயே இருக்காம்.

— யாரைக் கேட்டுடி சொன்ன?

— உங்க கழுத்தைக் கேட்டுத்தான். கத்தாதீங்க, உங்களுக்குத்தான் விண்ணு விண்ணுனு தெறிக்கும்.

— ஸ்ஸ்... அம்மா...

— ஆட்டோ கீழ நிக்குது. எழுந்திருங்க.

— இந்த வலியப் பத்தி உனக்கு என்ன தெரியும்? முத்துக் கோத்த மாதிரி வெச்சிருக்க. ஒரு நாள் பல்லுன்னு படுத்திருக்கியா? எந்தப் பல் டாக்டர்கிட்ட போய் நின்ன? எல்லாம் வாங்கிட்டு வந்த வரம். வரம் வாங்கினவ எனக்குப் பாடம் எடுக்காத.

— போயிருக்கேன்.

— எங்க?

— பல் டாக்டர்கிட்டதான். சின்னவ பொறந்த வருஷம். பாலம் கட்டற இடத்துக்கு ஜல்லி லோடு அடிக்கறேன்னு நீங்க மூணு மாசம் வீட்டுப் பக்கமே வரல.

— எதுக்குப் போன?

— அதுவரைக்கும் நானும் உங்கள மாதிரிதான். கிராம்பு, உப்புத் தண்ணி, வலி மாத்திரை, வீம்பு. ஈறெல்லாம் சீழ் பிடிச்ச பிறகுதான் போனேன். ரொம்ப லேட்டும்மான்னாங்க.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— எப்படிச் சொல்ல? உங்க தம்பி கல்யாணத்துல பல்லு போன ஒரு பொம்பளையக் காட்டி, இவ புருஷன் எப்படித்தான் பக்கத்துல உக்காந்து சாப்பிடறானோன்னு சிரிச்சீங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், வாயை மூடிகிட்டு. அப்பவே எனக்கு முன்பல்லு ரெண்டும் ஆடிட்டு இருந்தது.

— அது ஏதோ... விளையாட்டுக்குச் சொன்னது.

— இருக்கட்டும். அன்னிக்கு வெக்கப்பட்டேன், இனிமே படறதா இல்ல. இப்ப நீங்க படியிறங்கலைன்னா, இங்கயே, உங்க முன்னாடியே கழட்டி மேசைமேல வெக்கறேன்.

— எதைக் கழட்டப் போற?

— மேல் பல்லு அத்தனையையும். ஒம்பது வருஷமா பல்செட்டுதாங்க.