சனிக்கிழமைக் குடும்ப ஜெபம்

எங்கள் வீட்டில் ராச்சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு, மேடம். பாயை விரித்து, பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, முழங்கால்படியிட்டு ஜெபிப்போம். கவுன்சலிங்கில் எதையும் ஒளிக்கக் கூடாது என்றீர்கள். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நானும் பிரீனாவும் பிரிந்தபோது மகள் ஜெமி ஒன்றாம் வகுப்பு. வக்கீல் சத்தியபாய் பொறுமையாக விளக்கினார். பிள்ளை யாரோடு வசிப்பது என்பது ஒரு உரிமை, படிப்பையும் வைத்தியத்தையும் முடிவு செய்வது இன்னொன்று. ஒருவரே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், இருவருமாகப் பகிரலாம். எதுவும் கிடைக்காதவருக்குப் பார்க்கும் உரிமை. நாகர்கோவில் கோர்ட்டில் எனக்குக் கிடைத்தது அந்தக் கடைசி ரகம். சனிக்கிழமை கூட்டிவரலாம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மயிலாடியில் தாயிடம் விட்டுவிட வேண்டும். தாயைப் பற்றிப் பிள்ளையிடம் தப்பாகப் பேசக் கூடாது என்றும் உத்தரவு.

ஒவ்வொரு ஞாயிறும் ஜெமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளிடம் ஓடுவாள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் உத்தரவை மீறி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜெபம்தான் பண்ணினேன்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் கிணற்றில் தள்ளப் பார்த்த தாயை மன்னியும்."

ஜெபத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். முதல்நாள் மட்டும் ஜெமி கண்ணைத் திறந்து, "அப்பா, அம்மா என்னயத் தள்ளுனாளா?" என்றாள்.

"அதெல்லாம் நெனைக்கப்பிடாது மக்கா. அம்மைக்காக ஜெபிச்சாப் போதும்."

கிணற்றடி விஷயம் முழுப் பொய்யும் அல்ல. ஜெமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது. நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன், பிள்ளை கிணற்றுச் சுவரில் ஏறிவிட்டாள். பிரீனா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். கை வலித்ததும், அம்மா அலறியதும், கீழே தண்ணீர் தெரிந்ததும் பிள்ளைக்கு லேசாக ஞாபகம் இருந்தது. இழுத்தாள் என்பதை மட்டும் நான் ஜெபத்தில் தள்ளினாள் என்று மாற்றிக்கொண்டேன்.

சில மாதங்களில் ஜெமி தாய் வீட்டில் குளிக்கவே பயந்தாள். ஜட்ஜ் தனியறையில் கூப்பிட்டு விசாரித்தபோது, "அம்மா என்னயக் கெணத்துல போடுவா" என்றாள். பிள்ளை எனக்கு வந்தாள், பார்க்கும் உரிமை பிரீனாவுக்குப் போனது. கோர்ட் வராந்தாவில், "நான் என்ன மக்கா செஞ்சேன்?" என்று அவள் கை நீட்டினாள். ஜெமி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிரீனாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நேற்று ஜெமி தானாகவே வாய்விட்டு ஜெபித்தாள்.

"இயேசப்பா, எங்க அம்மாவச் சீக்கிரம் எடுத்துக்கிடும். அப்பதான் எனக்கு ஒறக்கம் வரும்."

நான் ஆமென் சொன்னேன். பிள்ளை ஜெபித்தால் பெரியவர்கள் ஆமென் சொல்வதுதானே முறை. ஆனால் இந்த வயதில் இப்படிக் கேட்க ஒரு பிள்ளைக்குத் தானாகத் தோன்றாது, மேடம். தாய் வீட்டில்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் பிரீனாவைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.