மச்சான் பிடித்த சங்கிலி

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். எனக்குச் சீனி கொஞ்சம் குறைவாக வேண்டும், அது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பரவாயில்லை, இதையே குடிக்கிறேன்.

முழுதாகச் சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் கிளாட்வின். துறைமுகத்தை ஒட்டியுள்ள குடோன்களுக்குத் தீத்தடுப்பு ஷட்டர் வடிவமைத்துப் பொருத்துவது என் தொழில். என் ஷட்டருக்குக் கரண்ட் வேண்டாம். தீப்பிடித்தால் முதலில் போவது கரண்ட்தான். அந்த நேரத்தில் மோட்டாரை நம்புவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது. நான் செய்வது இவ்வளவுதான்: குடோனின் நடுச்சுவரில் இருக்கும் வாசலுக்கு மேலே ஓர் இரும்புப் பலகையைத் தொங்கவிடுவேன். அதைத் தாங்கி நிற்பது ஈயம் மாதிரி ஒரு சின்னத் துண்டு. சூடு பட்டதும் துண்டு உருகும், பலகை தன் எடையிலேயே இறங்கி வாசலை அடைக்கும். தீ ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். பூமியின் இழுப்புக்கு மின்வெட்டு கிடையாது என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். பிலோமி மட்டும் சிரிப்பாள்.

பிலோமி என் தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வரன் வந்தபோதெல்லாம், தங்கச்சிக்கு முதலில் முடியட்டும் என்றேன். தங்கச்சிக்கு வரன் வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு குறை என் கண்ணில் பட்டது. ஒருவன் குடித்தான். ஒருவன் குடிக்கவில்லை, ஆனால் அவன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியே அவளுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. கிளைட்டனை வீட்டுக்குக் கூட்டிவந்தது நான்தான். நான் ஷட்டர் போட்ட பஞ்சு குடோனில் சூப்பர்வைசர், தனியாக ஓட்டலில் சாப்பிடுகிறானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்குக் கூப்பிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். மாதாகோவிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கொடுத்தேன்.

கிளைட்டனைப் பற்றி நான் குறை சொல்லவே மாட்டேன். என் ஷட்டரை மதித்த ஒரே ஆள் அவன்தான். வண்டி போக வர இடிக்கிறது என்று லோடுமேன்கள் பலகைக்கு முட்டுக் கொடுப்பார்கள். இவன் போய்த் தட்டிவிடுவான். "ஏலே, இது சும்மா தொங்கல. உங்க உசுருக்காகத் தொங்குது" என்பான். அவனும் பிலோமியும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் என் வீட்டுக்கு வருவார்கள், பிலோமி பழையபடி சமைக்கக் குசினிக்குள் நுழைவாள். எனக்கு அது போதும். வாரத்தின் மற்ற நாட்களை ஞாயிற்றுக்கிழமையை நினைத்தே ஓட்டிவிடுவேன்.

பிறகு அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. மாதா திருவிழா முடிந்ததும் இருவரும் கிளம்புவதாக ஏற்பாடு. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிலோமிதான் சொன்னாள். "நீங்களும் ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போங்கண்ணே." போங்க என்பது விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை, மேடம். அவள் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. சந்தோஷம் என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டேன்.

இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்பீர்களே என்று சொன்னேன்.

குடோன் முதலாளி என் பலகையைக் கழற்றிவிட்டு மோட்டார் ஷட்டர் போடலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார். அதற்காகப் பார்வையிட ஆட்கள் வருவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்று கிளைட்டனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலையாட்கள் யாரும் இல்லை. மெயினை அணைத்தோம். துண்டுக்குக் கீழே ஒரு தகரத் தட்டில் கழிவுப்பஞ்சைக் கொளுத்தினால் போதும். கொளுத்த அவன் நடுச்சுவருக்கு உள்பக்கம் போனான். நான் வெளிப்பக்கம் நின்றேன்.

பலகை இறங்கினால் உள்பக்கத்திலிருந்து ஆள் வெளியேற இருக்கும் ஒரே வழி சுவரில் உள்ள ஒரு சின்னக் கதவு. அதை மறைத்துப் பஞ்சுப் பொதிகளை அடுக்கியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் குடோனே அதிரக் கத்தியிருப்பேன். அன்று பார்த்தேன், சொல்லவில்லை. கூரைக் காற்று தீயை அணைத்துவிடும், தட்டைப் பொதிகளை ஒட்டி வையுங்கள் என்றேன். வைத்தான். மணல் வாளிகள் என் பக்கம் இருந்தன.

பலகையை மறுபடி தூக்க ஒரு கைச்சங்கிலி இருக்கிறது. மேலே ஒரு சக்கரத்தைச் சுற்றிச் சுவரின் இரண்டு பக்கமும் தொங்கும். எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாலும் பலகை ஏறும். ஒரு பக்கத்தில் இறுக்கிப் பிடித்தால் மறுபக்கம் அசையாது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்து நானே வைத்தது. கிளைட்டனின் அப்பா சங்கு குளித்தவர். எங்கள் கரையில் கடலுக்குள் இறங்குகிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான். தன் தங்கச்சி தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. உள்ளே போகும்போது கிளைட்டன் என் பக்கத்துச் சங்கிலியை எடுத்து என் கையில் வைத்தான். "நம்ம வழக்கப்படி கயிறு உங்க கையில மச்சான். விட்ராதீங்க" என்று சிரித்தான்.

துண்டு உருகியது. பலகை இறங்கியது. நான் வரைந்தபடியே, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் இறங்கித் தரையைத் தொட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே பொதியில் தீ தாவியிருக்கிறது என்று அவன் இருமலை வைத்துத்தான் தெரிந்தது. பிறகு சங்கிலி என் கையில் வெட்டி இழுத்தது. கீழிருந்து கயிற்றை உலுக்கினால் தூக்கு என்று அர்த்தம். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் பிடித்துக்கொண்டேன்.

இரும்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. "மச்சான், விடுங்க. சங்கிலிய விடுங்க." முதலில் விடாதே என்றவனும் அவன்தான். பலகையைத் தூக்கினால் தீ இந்தப் பக்கம் வரும். தடுப்பு என்று ஒன்றை வைத்துவிட்டு, ஒரு ஆள் கூப்பிட்டான் என்று திறந்தால் அது எப்படித் தடுப்பாகும். இந்தப் பக்கம் ஆட்கள் யாரும் இல்லை, பஞ்சு மட்டும்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் நல்ல பலசாலி. என் கை வலிக்க ஆரம்பித்தது. அதனால் சுவரில் இருந்த கொக்கியில் சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொக்கியில் சங்கிலி கொஞ்ச நேரம் ஆடியது. அது அடங்கிய பிறகு தீயணைப்பு நிலையத்துக்கு நானே போன் செய்தேன். அவர்கள் வருவதற்குள் சுற்றை எடுத்துவிட்டேன்.

அடக்கத்துக்குப் பிறகு கல்லறைத் தோட்டத்தில் பிலோமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு பக்கத்தில் அவள் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. உள்ளங்கையில் சங்கிலிக் கண்ணி பதிந்து கன்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். அவளும் இந்தக் கரையில் பிறந்தவள்தானே. "அவரு இழுத்தாராண்ணே?" என்று கேட்டாள். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "இழுத்தான்" என்றேன். கையை விட்டுவிட்டாள்.

அவள்தான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, துக்கத்தில் இருக்கிறாள். இப்போது வேம்பாரில் மாமியாரோடு இருக்கிறாளாம், என் போனை எடுப்பதில்லை. புருஷன் இல்லாத வீட்டில் எத்தனை காலம் இருந்துவிட முடியும். அவள் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் என்னை அதிக நாள் உள்ளே வைத்துவிடாதீர்கள், மேடம். இந்த நேரத்தில் பிலோமிக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.