ஊரார் நோயெல்லாம் சுமந்த ராஷ்கோ வாத்தியார்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் யாவோர் அவர்களே! பிரார்த்தனையை முடித்துவிட்டு, நினைவுநாள் படையலான தேன் சேர்த்த கோதுமை எப்போது வரும் என்று சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அருட்தந்தை நிகனோர் அவர்களே! கறுப்புத் துணி கட்டி வந்திருக்கும் தாய்மார்களே! கோடை முகாமின் பிள்ளைகளே! முகாமுக்கு இத்தனை ஆண்டுகளாகச் சமைத்துப்போட்டவள் என்ற ஒரே தகுதியோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நம் கோடை முகாமை நடத்திய இயற்கை ஆசான் ராஷ்கோ வெலெவ் அவர்களுக்கு இன்று நாற்பதாம் நாள். ஆண்டவர் அவரை மன்னித்து ஏற்றுக்கொள்வாராக. ஊர்த்தலைவர் நேற்றே சொல்லிவிட்டார்: பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் இந்த ஜூலையில் முகாம் கிடையாது; கட்டடத்தையும் மாவட்ட நிர்வாகம் எடுத்துக்கொள்ளும். ஆகவே, நாம் அழுவதற்கு மட்டும் இங்கே கூடவில்லை.

யார் இந்த ராஷ்கோ வாத்தியார்? ஓடையில் பழைய டயரை வீசியவர் வீட்டுக்கே அதை உருட்டிக்கொண்டு போய், "இது வழி தவறி வந்திடுச்சு" என்று ஒப்படைத்தவர். மழை நாளில் தவளைகள் சாலையைக் கடக்கின்றன என்று பேருந்தை நிறுத்தி, ஓட்டுநர் கையிலும் ஒரு வாளியைக் கொடுத்தவர். மேட்டுத்தெருவில் தனியாக இருக்கும் கிழவர்களுக்குப் பிள்ளைகளை விட்டு விறகு அடுக்கிக் கொடுத்தவர்.

அப்படிப்பட்டவர் தவறே செய்யவில்லையா? செய்தார். மலையளவு செய்தார்!

ஒரு வருஷம், "மரத்துல இலையும் காயும் தவிர எது தொங்கினாலும் அது மரத்தோடது இல்ல, எடுத்துடுங்க" என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, ஏதோ வேலையாக நகரத்துக்குப் போனார். அன்று புனித மரீனா திருவிழாவுக்கு மறுநாள். நாமெல்லாம் நம் நோய்களைத் துணியில் முடிந்து, புனித ஊற்றின் மரத்தில் கட்டிவிட்டு நிம்மதியாக வந்திருந்தோம். பிள்ளைகள் போனார்கள். மரத்தைச் சுத்தமாக உரித்தார்கள். அதோடு விட்டார்களா? துணியை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பதும் பாடம் அல்லவா! எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்து, நிறம் பிரித்து, முகாம் முற்றத்தில் காயப்போட்டார்கள். ஊரின் மூட்டுவலி, முதுகுவலி, மலட்டுத்தன்மை, மாமியார் தொல்லை எல்லாம் ஒரே கொடியில் காற்றாடின. இடுப்புவலிக்காக ஒருவர் கட்டிய நீளக் கால்சட்டை நடுவில் கம்பீரமாக ஆடியது. யாருடையது என்று சொல்லமாட்டேன். அவர் இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார்.

கட்டிய துணியைத் தொட்டவருக்கு அந்த நோய் போய்ச் சேரும் என்பது நம் பயம். முழங்கால்வலிக்குத் துணி கட்டியிருந்த ஸ்தானா, பால் வாங்கப் போன வழியில் கொடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பாதி ஊர் முற்றத்தில் நின்றது. முகாமை இழுத்து மூட வேண்டும் என்று ஸ்தானா முன்னால் நின்று முழங்கினாள். தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் முழங்காலைப் பிடித்துப் பார்த்து அழுதார்கள். நெற்றி சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு உண்மையாகவே சுட ஆரம்பித்தது.

அப்போதுதான் வாத்தியார் வந்து இறங்கினார். மூடநம்பிக்கை என்று திட்டினாரா? விஞ்ஞானம் பேசினாரா? இல்லை. தொப்பியைக் கழற்றினார்.

"எடுக்கச் சொன்னது நான். வாய் என்னோடது, கைதான் பிள்ளைங்களோடது. நோயெல்லாம் எனக்குத்தான் சேரும். சாமிக்குக் கணக்கு தெரியாதா?" என்றார்.

எல்லோரும் அருட்தந்தையைப் பார்த்தோம். அவர் தாடியைத் தடவி, யோசித்து, "சேரும்" என்றார். பிள்ளைகளின் காய்ச்சல் அந்த நொடியே இறங்கியது!

அடுத்த திருவிழாவிலிருந்து வாத்தியார் பிள்ளைகளை ஊற்றுப் பாதையில் உட்கார வைத்தார். நைலானும் பிளாஸ்டிக் பையும் கொண்டு வருபவர்களுக்குப் பருத்திக் கிழிசல் கொடுத்து மாற்றிக்கொள்ளச் செய்தார். மழையில் பருத்தி மக்கினால் நோயும் சேர்ந்து மக்கும், நைலானில் கட்டினால் பேரன் காலம்வரை இருக்கும் என்று சொன்னார். அதற்குப் பிறகு யார் நைலான் கட்டுவார்கள்?

ஸ்தானா மட்டும் அவரை விடவில்லை. வழியில் எங்கே பார்த்தாலும் கேட்பாள்.

"என் முழங்கால் எப்படி இருக்கு, வாத்தியாரே?"

"உன் முழங்காலுக்கு என்னம்மா, இன்னைக்கு மலையுச்சி வரைக்கும் போயிட்டு வந்துச்சு. என்னோடதுதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

நம் வலியைச் சுமக்கிறாரே என்று பெண்கள் பாலாடைக்கட்டி அப்பமும் சீமைமாதுளை ஜாமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மனிதர் நோயால் இளைக்கவில்லை, பெருத்தார்.

அவருடைய இதயம் நின்ற செய்தி வந்த அன்று ஸ்தானா வீடு வீடாகப் போனாள். பிள்ளைகள் துணிகளை அவிழ்த்த அந்த வருஷம் நெஞ்சுவலிக்கு யாராவது துணி கட்டினீர்களா என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தாள். யாரும் கட்டவில்லை. என் அடுக்களைக்கு வந்து உட்கார்ந்து, "அது அவரோடதே தான், அக்கா. நாம குடுத்ததில்ல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஊர்த்தலைவர் அவர்களே, ஆள் கேட்டீர்கள் அல்லவா? முகாமை மூடச் சொன்ன அதே ஸ்தானா பொறுப்பேற்கிறாள். பருந்துக்கும் காக்கைக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பார்கள். அடுப்பு என்னுடையது. ஓடையைச் சுத்தம் செய்வோம், விறகு அடுக்குவோம், தவளைக்குப் பேருந்தை நிறுத்துவோம். வாத்தியார் விட்டுச் சென்ற ஒரு வேலையும் நிற்காது என்று அவர் படத்தின் முன் உறுதி சொல்கிறோம்.

தாய்மார்களே, ஜூலை முதல் திங்கள்கிழமை பிள்ளைகளை அனுப்புங்கள். மாற்றுக் காலுறை வைத்து அனுப்புங்கள். கட்டாயம் நனைவார்கள்.