பச்சை வயர்

வேணாம் தம்பி, செருப்பைக் கழட்டாதீங்க. போட்டுக்கிட்டே உள்ள வாங்க. தரை அழுக்கானா துடைச்சுக்கறேன், அது ஒரு வேலையா? இப்படி வாங்க. அதோ மூலையில மேல வெள்ளையாத் தெரியுது பாருங்க, அதான் ஹீட்டர். மாட்டி ஏழு மாசம் ஆச்சு. ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்கறேன். எனக்குப் பழக்கம்தான்.

என்ன கோளாறுன்னா... குழாயைத் தொட்டா சுருக்குங்குது. எப்பவும் இல்ல. சில நாளு ஒண்ணுமே இருக்காது, பூனைக்குட்டி மாதிரி சாதுவா இருக்கும். சில நாளு எறும்பு கடிச்ச மாதிரி. ரெண்டு தடவை முழங்கை வரைக்கும் இழுத்துடுச்சு. யாருக்கா? எனக்குத்தான். ஒண்ணும் ஆகல, நல்லாத்தானே நிக்கறேன்.

இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடணும் தம்பி. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில சேர்றேன். பித்தப்பையில கல்லாம். அஞ்சு நாள் அங்கயே இருக்கணும்னுட்டாங்க. அதுல பயமில்ல, கடவுள் பார்த்துப்பாரு. நான் இல்லாத அந்த அஞ்சு நாளு இந்தக் குழாயை நெனச்சாத்தான் பயமா இருக்கு. வீட்டுல எங்க வீட்டுக்காரரும் சின்னவனும் மட்டும்தான் இருப்பாங்க. ஏன் நான் இருந்தா மட்டும் என்னவா? அதை அப்புறம் சொல்றேன். நீங்க முதல்ல பாருங்க.

அய்யோ, டெஸ்டர் எரியுதே! குழாயில வெச்சாலே எரியுதே. எரியக் கூடாதில்ல? மெயினை அணைக்கணுமா? இருங்க, வாசக் கதவுக்குப் பின்னாடி இருக்கு, நானே அணைக்கறேன்... அணைச்சாச்சு. ஃப்ரிட்ஜ் சத்தம் நின்னுடுச்சு பாருங்க.

யாரு மாட்டினதா? அது... ஒரு ஆளு வந்தான். இப்ப எங்க இருக்கான்னு தெரியல. நம்பரா? இல்லையே தம்பி. சும்மா போற வர்ற ஆளு.

மூடியைக் கழட்டிட்டீங்களா? அந்த ஓரத்துல என்ன பார்க்கறீங்க? ஆமா, பச்சை வயர். ரெண்டா மடிச்சு, நுனியில டேப் சுத்தி, ஓரமாச் சொருகியிருக்கும். எனக்கு எப்படித் தெரியுமா? நான்தானே அன்னைக்கும் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

பொய் சொல்லிட்டேன் தம்பி, கடவுள் மன்னிக்கட்டும். எந்த ஆளும் வரல. எங்க சின்னவன்தான் மாட்டினான்.

எலெக்ட்ரீஷியனெல்லாம் இல்ல. இருபத்தாறு வயசு. ரெண்டு இடத்துல வேலைக்குப் போனான், ரெண்டும் நிலைக்கல. பெரியவன் கல்யாணமாகித் தனியா இருக்கான், நல்ல வேலை. அவன்தான் அப்பாவுக்கு வெந்நீர் வேணும்னு ஹீட்டரை வாங்கி அனுப்பினான், ஆள் வெச்சு மாட்டிக்கங்கன்னான். இவன் நானே மாட்டறேன்னான். அவங்கப்பா சும்மா இருப்பாரா? நீ ஆணி அடிச்சா சுவரு விழும், நீ ஹீட்டர் மாட்டினா வீடே விழும், நான் முதல்ல துணிமணியை வெளிய எடுத்து வெச்சுக்கறேன்னாரு. அவரு பேச்சு அப்படித்தான். மனசுல ஒண்ணும் கிடையாது, வாயில மட்டும் முள்ளு.

இவன் மூணு நாள் செல்போன்ல பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டான். மட்டம் பார்த்து ஓட்டை போட்டான், துளி கோணல் இல்ல, நீங்களே பாருங்க. கடைசியில சுவத்துல இருந்தது ரெண்டு வயரு, ஹீட்டர்லேர்ந்து வந்தது மூணு. இந்தப் பச்சையை என்னடா பண்ணப் போறேன்னு கேட்டேன். அது சும்மாம்மா, துணைக்கு வர்றதுன்னான். உங்கப்பா என்கூட கடைக்கு வர்ற மாதிரியான்னேன். சிரிச்சான். ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டேதான் டேப்பைச் சுத்தினான்.

அன்னைக்கு அவரு குளிச்சிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கிட்டே, பரவாயில்லடா, உன் கையிலயும் ஒரு வேலை இருக்குன்னாரு. அவ்வளவுதான் தம்பி, ஒரே ஒரு வார்த்தை. இவன் மாடிக்குப் போயிட்டான். என்னடா இதுன்னு பின்னாலயே போய்ப் பார்த்தா, துணி காயப்போடற கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுவறான். நான் பார்த்ததைக் காட்டிக்காம இறங்கி வந்துட்டேன்.

அப்புறம் அவன் நடையே மாறிடுச்சு. தலையை ஒழுங்கா வெட்டிக்கிட்டான். ஒரு பை வாங்கி ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர்னு அடுக்கி வெச்சான். பக்கத்து வீட்டு ஃபேன் சத்தம் போட்டா இவனைக் கூப்பிடறாங்க. சாப்பிடும்போது அப்பாவுக்கு எதிரயே உட்கார்றான், முன்னெல்லாம் தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுவான்.

ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் இவரு குளிச்சிட்டு வந்து, கை மரமரங்குதுடி, நரம்புல ஏதோ ஆயிடுச்சுன்னாரு. டாக்டர்கிட்டப் போனாரு. மாத்திரை எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் வேளைக்கு ஒண்ணு முழுங்கறாரு. சிரிக்காதீங்க தம்பி. எனக்கும்தான் சிரிப்பு வரும். ஆனா தினம் அந்த மாத்திரையை உரிச்சு அவரு கையில வைக்கறது நான். வெக்கறப்பல்லாம் அவரு முகத்தைப் பார்க்க மாட்டேன். ஏன்னா எனக்குத் தெரியுமே. அவரு சொன்ன அன்னைக்கே குழாயைத் தொட்டுப் பார்த்தேன். நரம்புமில்ல ஒண்ணுமில்ல.

ஏன் சொல்லலன்னு கேக்கறீங்க. நியாயம்தான். சொன்னா அந்தப் பரவாயில்லடாவை அவரு திருப்பி வாங்கிப்பாரு தம்பி. அதை வாங்கிட்டா என் பிள்ளைகிட்ட வேற ஒண்ணும் இல்ல.

அதனால உங்ககிட்ட ஒரு உதவி. எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிடறீங்களா? வயரை எலி கடிக்கறது உலக வழக்கம்தானே. இங்க எலியே இல்லையா? ஒண்ணு ரெண்டு இருக்கும் தம்பி, தேடினாக் கிடைக்கும்.

என்ன? வேற எங்கயும் ஹீட்டர் மாட்டியிருக்கானா? இல்ல இல்ல. ஃபேன், ட்யூப்லைட் அவ்வளவுதான். இன்னும் இல்ல.

இன்னும் இல்லன்னா... வர்ற திங்கக்கிழமை. எதிர் மாடியில ஒரு டீச்சர் இருக்காங்க. நேத்துதான் ஹீட்டர் வாங்கிட்டு வந்தாங்க. இவனைத்தான் மாட்டச் சொல்லியிருக்காங்க. ஆமா, குழந்தை இருக்கு. மூணு வயசுப் பொண்ணு. குழாயைத் திறந்து விட்டுட்டு ஓடற வயசு.

ஆமா தம்பி. அங்கயும் மடிச்சுத்தான் வைப்பான். அங்க யாரு... சரி. சரிதான். எலி வேணாம்.

நாலு மணிக்கு வந்துடுவான். அதுவரைக்கும் மூடியை மூடாதீங்க, அவனே பார்க்கட்டும். இவரு முடிவெட்டப் போயிருக்காரு, அங்க இருக்கற பேப்பரை எல்லாம் படிச்சு முடிக்காம வரமாட்டாரு. அவருகிட்ட நானே சொல்லிக்கறேன், மாத்திரைக் கதையையும் சேர்த்து. திட்டட்டும், வாங்கிக்கறேன். பையனை மட்டும் அவரு எதிர்ல வெச்சு ஒண்ணும் சொல்லிடாதீங்க.

நெசமாவா? நீங்களுமா? உங்க வீட்டுலயேவா? அம்மாடி, பார்த்தா அப்படித் தெரியலயே. இதைச் சொல்லுங்க தம்பி. அவன் வந்ததும் இதைத்தான் முதல்ல சொல்லணும். நானும் இதே தப்பைப் பண்ணினவன்தான்னு ஆரம்பிங்க, அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க.

அந்தப் பச்சைக்கு மெயின் வரைக்கும் புதுசா எர்த் வயர் இழுக்கணுமா? இழுங்க. ஷாக் அடிச்சா தானா அணையற பொட்டி ஒண்ணா? அதையும் போடுங்க. அவனையும் கூட வெச்சுக்கிட்டுச் செய்ங்க, கைக்கு எடுபிடியா நிக்கட்டும்.

என்னது? ஏழு மாசமா அப்பனும் பிள்ளையும் இதுல குளிச்சும் தப்பிச்சது எப்படின்னா? அது ஒண்ணுமில்ல தம்பி. அஞ்சு மணிக்கு முதல் ஆளா நான் குளிச்சிடுவேன். எல்லாரும் குளிச்சிட்டுக் கும்பிடுவாங்க, நான் கும்பிட்டுட்டுத்தான் குளிப்பேன். அம்மாவுக்குக் குழாயடியில என்ன சாமின்னு சின்னவன் கேலி கூடப் பண்ணுவான். கும்பிட்டுட்டு, தரையில ரெண்டு சொம்பு தண்ணியை ஊத்திட்டு, வெறுங்காலோட நின்னு குழாயைத் தொடுவேன். காஞ்ச தரையில தொட்டா சரியாத் தெரியமாட்டேங்குது. ஒண்ணும் இல்லன்னா, அவங்க குளிக்கட்டும்னு விட்டுடுவேன். சுருக்குன்னா அடுப்புல வெந்நீர் வெச்சு ரெண்டு பக்கெட்டையும் ரொப்பிட்டு, ஹீட்டர் தண்ணி பிடிச்சு வெச்சிருக்கேன், குழாயைத் திறக்காதீங்கன்னுடுவேன். ஹீட்டர் வந்தப்புறமும் கேஸ் ஏன்டி இப்படித் தீருது, நீ குடிக்கறியான்னு இவரு மாசா மாசம் கேக்கறாரு. சுட்டதும் ஸ்விட்சை அணைச்சிட்டுக் குளிங்கன்னும் சொல்லிப் பார்த்தேன், ரெண்டும் மறந்துடுதுங்க.

ஏன் தம்பி ஸ்டூல்லேர்ந்து இறங்கிட்டீங்க? உட்காருங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு, தண்ணி கொண்டு வரட்டுமா?

என்ன சொல்றீங்க? காலையில ஷாக் இல்லன்னா அப்புறமும் வராதுன்னு அர்த்தம் இல்லையா? அஞ்சு மணிக்கு நல்லா இருந்தா ஆறு மணிக்கும் நல்லா இருக்கும்னுல்ல நான்... அப்ப நான் தொட்டுப் பார்த்ததெல்லாம்...

கடவுளே. இத்தனை நாளும் அந்தச் சாமியே பார்த்துக்கிட்டாரு போல.

இருங்க, கேட் சத்தம். அவன்தான். தம்பி, தம்பி, இந்தத் தொட்டுப் பார்த்த கதையை மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. பச்சை வயரைச் சொல்லுங்க, அது போதும் அவனுக்கு.

வாடா ராசா, ஒரு அண்ணன் வந்திருக்காரு, உன்கிட்டதான் பேசணுமாம். செருப்பைக் கழட்டாத. அப்படியே உள்ள வா.