அண்ணனின் பேஸ்மேக்கர்

"உன் அண்ணன் இப்போ ஒரு நாய்க்குள்ள இருக்காரு லா."

ஈசூன் நிலையத்தில் ரயில் ஏறி என் எதிரே அமர்ந்த பெண்மணி, பக்கத்திலிருந்த நாத்தனாரிடம் இப்படிச் சொன்னார். கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருக்கும் போல.

"எரிக்கறதுக்கு முன்னாடி, நெஞ்சுத்துடிப்புக்கு வச்சிருந்த பேஸ்மேக்கரை எடுத்துடணுமாம், இல்லேன்னா வெடிக்குமாம். எடுத்து என் கையில குடுத்தாங்க. இன்னும் நல்லா வேலை செய்யுது. நாய் டாக்டர்கிட்ட குடுத்துட்டேன். நடக்கவே முடியாம கெடந்த நாய் இப்ப ஓடுதாம்."

"சாம்பலோட கடல்ல விடாம, எங்க அண்ணனை நாய்க்குக் குடுத்தீங்களா அண்ணி?" நாத்தனாரின் குரல் உடைந்தது.

"ஓடுற பழைய ஃபேனையே தூக்கிப்போட விடமாட்டாரு. இதைக் கடல்ல போட்டா என்னைச் சும்மா விடுவாரா?"

என் நெஞ்சிலும் பேஸ்மேக்கர் இருக்கிறது. நான் போன பிறகு அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பெண்மணியை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

நியூட்டன் நிலையத்தில் இறங்க இருவரும் எழுந்தபோது நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி, அந்த நாய்க்காரங்ககிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் கறி போட வேணாம். அண்ணன் விரதம்."