ஒரு 'ஏலே'

சுசீந்திரத்தில் கிளம்பிய பேருந்தில், எனக்கு முன்னிருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"ஒரு 'ஏலே' சொல்லி நாடகத்தையே கெடுத்துப்போட்டேன்."

"என்ன நாடகம்க்கா?"

"மலைய உடைக்கதுக்கு எதிரா இப்ப இங்க தெருவுல போட்டது. பேச்சிப்பாறையில ஆணு பொண்ணுன்னு பாக்காம ஒண்ணா விளக்கேத்திக் கும்பிடுத கூட்டம் உண்டுல்லா, அவங்க நடத்துனது. எம்பிள்ளையும் அதுல உண்டு."

"மூத்தவனா?"

"இப்ப மூத்தவ. மலையம்மா வேசத்துல வந்து பாடுனா. பூரிச்சுப்போயி, பொண்ணா 'ஏட்டி'ன்னு கூப்பிட வேண்டியவள, பையனா வளத்த பழக்கத்துல 'ஏலே'ன்னு கத்திட்டேன். சனமெல்லாம் சிரிச்சுது."

"அவ ஏசுனாளா?"

"இல்ல. 'மக்கா, நீங்களும் வாங்க'ன்னு கைய நீட்டுனா. அங்க ஆணு பொண்ணு எல்லாரையும் 'மக்கா'ன்னுதான் கூப்பிடுவாங்களாம்."

"போனியளா?"

அந்தப் பெண் வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓடிவந்துதான இந்த பஸ்ல ஏறுனேன்."